குமிழுக்குப் பூசிய திருநீறு

நான் செத்து ஏழு வருடம் ஆன பிறகு, ஒரு சனிக்கிழமை காலை ஜௌபர் நானா என்னைத் தேடி ஸ்டோருக்கு வந்தார்.

செத்தேன் என்றால் கருமாதி நடந்த சாவு. என் கூடப்பிறந்த தம்பி ஜெயராசா மொட்டை அடித்து, பதுளு ஓயாவில் தலை முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து எனக்குப் பதினாறாம் நாள் காரியத்தை முடித்தான். அதோடு விட்டானா? "மதினியப் பொட்ட அழிக்கச் சொல்லுங்க" என்று ஆள் வேறு அனுப்பினான். என் மனைவி பூவம்மா, சொல்ல வந்தவனை விளக்குமாற்றால் அடித்து எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடியைத் தாண்டும் வரை விரட்டினாள்.

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் நான் பிட்டர், மிசின்களைப் பூட்டிப் பழுதுபார்ப்பவன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. கொழுந்தை அரைத்துத் தேயிலையாக்கும் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இரண்டு கையும் திடமாக இருந்து, மூக்குக்கு மேல் கோபமும் இருந்து, நாளுக்கு எட்டு மணி நேரம் ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்த பிணம் நான்.

காரணம் எழுபத்தொன்பதில் நடந்தது. ஜெயராசாவுக்கும் அதே ஸ்டோரில் ரோதையில் வேலை. பெல்ட்டில் ஓடிக் கொழுந்தைச் சுருட்டுகிற பெரிய இயந்திரத்தைத்தான் ரோதை என்போம். அவனுக்கு வேலையைவிடக் கேரம் பெரிது. பண்டாரவளை வரை போய் விளையாடிக் கோப்பை வாங்கி வந்தவன். அன்றைக்கும் கேரம் ஆடிவிட்டு ஒரு மணி நேரம் பிந்தி வந்தான். அதற்குள் ரோதை இறுகி, கொழுந்து புளித்து, ஸ்டோருக்கு மேலாளான டீமேக்கர் எல்லாருக்கும் முன்னால் என் தாயை இழுத்து என்னைத் திட்டிவிட்டார். டீமேக்கரை அடிக்க முடியுமா? தம்பியை அடித்தேன்.

வாசலிலேயே கன்னத்தில் ஒன்று விட்டேன். விழுந்தவனை வயிற்றில் மிதித்தேன். எழுந்து வந்து, "ஒனக்கு என்னாண்ணே அப்படி ஒரு வெறி?" என்று சட்டையைப் பிடித்தான். அந்தக் கையை முறுக்கிப் பின்னால் தள்ளினேன். பின்னால் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துகிற கம்பி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இருபது வருடம் பிட்டர் வேலை பார்த்தவனுக்கு முதலில் அதை இழுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவனுடைய வலது கை கப்பிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே போய்விட்டது. ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயின. கேரம் சுண்டுகிற விரல் போயிற்று. திருநீறு இடுகிற மூன்று விரலும் அவைதான்.

பதுளை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிந்து துண்டு எழுதுகிறவர் என்ன நடந்தது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "பெல்ட்டு இழுத்துருச்சுங்க. கவனமில்லாமக் கைய வச்சுட்டான்." தள்ளுவண்டியில் படுத்திருந்த தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். தோட்டத்துப் பதிவிலும் அப்படியே ஏறியது. அவன் என்னைத் தலைமுழுகியது விரலுக்காக இல்லை, அந்தப் பொய்க்காக. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு வருடம் வாயைத் திறக்கவில்லை. என்ன மனிதன் நான்! அதற்குப் பிறகு எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அவன் வாயால் ஒரு தடவை 'அண்ணே' என்று கேட்டுவிட்டுத்தான் நான் உண்மையாகச் சாக வேண்டும்.

முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்போம். ஜௌபர் நானா பதுளை பஜாரில் ரேடியோ, கெசட் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தார். வேலை போன ஜெயராசாவை அவர்தான் சேர்த்துக்கொண்டார். இடது கையால் ஈயம் பற்றவைக்கவும் பழக்கினார். கடைக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்திருந்தார்.

"வைரவன், ஒங்கட தம்பிக்குப் பைத்தியம் புடிச்சிரிக்கி" என்றார். "கொழும்புல ஒடஞ்ச வீடியோ கேம் மிசின் ஒண்டுட உள்சாமான் கெடச்சிச்சி. தேயிலப் பெட்டிப் பலகையால அலுமாரி மாதிரி கூடு அடிச்சி, பழைய டீவிய உள்ளுக்கு வெச்சி, அவன்ட அறையில நிப்பாட்டி வெச்சிரிக்கான். எல்லாம் வேல செய்யுது. நொப்பு மட்டும் இல்ல."

அந்த விளையாட்டை அவர் என் வேலை மேசையில் கரித்துண்டால் வரைந்து காட்டினார். திரையின் மேலே செங்கல் வரிசை. ஒரு பந்து போய் முட்டி ஒவ்வொரு கல்லாக உடைக்கும். கீழே ஒரு சின்னக் கட்டை. பந்து கீழே விழாமல் அதை இடமும் வலமும் நகர்த்தித் தடுக்க வேண்டும். கட்டையை நகர்த்துவது ஒரு வட்டக் குமிழ். அதுதான் நானா சொன்ன நொப்பு.

"விரல் வேணாம் வைரவன். உள்ளங்கைய வெச்சி உருட்டினாப் போதும். கேரம் போனதுக்குப் பொறகு அவனால வெளயாட ஏலுமான ஒரே வெளயாட்டு இதுதான்."

"வாங்கிப் போட வேண்டியதுதானே?" என்று எரிந்து விழுந்தேன்.

"அசல் சாமான் சிங்கப்பூர்ல இருந்து வரணும். ஒரு கறவ மாட்டு வெல சொல்றான். ரேடியோ வொலியூம் குமிழப் போட்டுப் பாத்தான். அது முக்காச் சுத்துல முட்டி நிண்டுடும். இது முடிவில்லாமச் சுத்தணும். தட்டிவிட்டாத் தானா ஓடணும், கை வெச்சா ஒடன நிக்கணும். நேத்து ஆத்திரத்துல அதப் புடுங்கிச் செவத்துல அடிச்சான். தெறிச்சி வந்து இங்க குத்திச்சி." தொப்பியைத் தூக்கி நெற்றிக் காயத்தைக் காட்டினார். எங்கள் குடும்பத்து ரத்தம் அப்படி.

"செத்தவன்கிட்ட வந்து நொப்பு கேக்குறீங்களே நானா."

"நீங்க செஞ்சி தாங்க. கொழும்புல வாங்கினதுண்டு சொல்லிக் குடுக்கிறன். ஒங்கட பேரே வராது."

அப்போதே வேண்டாம் என்றிருக்க வேண்டும். ஒரு பொய் சொல்லித்தான் தம்பியை இழந்தேன், மறுபடியும் ஒரு பொய்யா? ஆனால் அவன் கை படப்போகிற ஒரு சாமானை என் கையால் செய்வது என்றதும் புத்தி வேலை செய்யவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

முதலில் சைக்கிள் முன்சக்கரத்து அச்சை அறுத்துச் செய்தேன். கடகடவென்று சத்தம் போட்டது, தட்டிவிட்டால் உடனே நின்றது. பிறகு ஸ்டோரில் கழித்துப் போட்ட பேரிங் ஒன்றைக் கழுவிப் போட்டேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது, ஆனால் கனம் இல்லாததால் அதுவும் கையை எடுத்ததும் செத்துப்போயிற்று. இரண்டையும் தண்ணீர் ஓடுகிற பீலிக்கானில் வீசினேன். கெசட் செட்டுக்குள் நாடாவை ஒரே சீராக இழுக்க ஒரு கனத்த சின்னச் சக்கரம் இருக்கும், அதுதான் சரி என்று நானா சொல்லி அனுப்பினார். ஆனால் அவர் கடைச் சாமானைத் தொட முடியாது. ஒவ்வொன்றும் ஜெயராசாவுக்கு மனப்பாடம், ஒன்று குறைந்தாலும் பிடித்துவிடுவான்.

தோட்டத்தில் பழுதான கெசட் செட் ரெங்கசாமியிடம் இருந்தது. லொறியில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவன், ஆள் மலை மாதிரி இருப்பான். வீட்டு வாசலில் உட்கார்ந்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். விசயத்தைச் சொல்லி, என்ன விலை என்றாலும் தருகிறேன் என்றேன்.

அவன் சிரித்தான். "தம்பி கைய அறுத்துப்புட்டு இப்ப கிலுகிலுப்பை செஞ்சு குடுக்கப் போறியா? போடா, கொலகாரப் பயலே."

நியாயமான பேச்சுத்தான். நான் அதற்கெல்லாம் நியாயம் பார்க்கிறவனா? நெற்றியால் அவன் மூக்கில் ஒரே முட்டு. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் சரிந்தபடியே கத்தியை வீசினான். என் தொடையில் நான்கு விரல் நீளத்துக்குச் சதை பிளந்தது. அவன் கழுத்தைப் பிடித்துக் கதவு நிலையில் இடித்தேன். அவன் என் காதைக் கடித்துத் தொங்கினான். இரண்டு பேரும் வீட்டுக்குள் விழுந்து சாணித் தரையில் உருண்டு, அடுப்பைத் தள்ளி, கொதிக்கிற கறிச்சட்டி மேல் விழுந்தோம். முதுகு வெந்தது. அப்போதும் அவன் தொண்டையை விட மனம் வரவில்லை, அதை மறைக்க மாட்டேன். அவன் கண் மேலே செருகிவிட்டது.

அவன் பெண்சாதி ஜெயலெட்சுமி, "இந்த எழவெடுத்த பெட்டிக்காகவாடா சாகுறீங்க?" என்று கத்திக்கொண்டு கெசட் செட்டைத் தூக்கி எங்கள் தலைக்குக் குறி வைத்து எறிந்தாள். அது குறி தவறிச் சுவரில் மோதிச் சுக்குநூறானது. உள்ளேயிருந்து அந்தச் சக்கரம் கழன்று, உருண்டு வந்து, என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது. ரெங்கசாமியின் கழுத்தை விட்டுவிட்டு அதை எடுத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அது வராமல் இருந்திருந்தால் நான் கொலைகாரனாகத்தான் எழுந்திருப்பேன்.

பூவம்மா தொடைக்குத் துணி கட்டியபடி, "நல்லது செய்யப் போனாக்கூட ஒனக்கு ஒருத்தன் ரத்தம் வேணும், இல்ல?" என்று கேட்டாள்.

பிறகு பத்து நாள், வேலை முடிந்து ஸ்டோர் மேசையிலேயே உட்கார்ந்து செய்தேன். சக்கரத்தின் அச்சில் மேலே மரக் குமிழ். கொய்யாக் கட்டையில் கடைந்து, உள்ளங்கை பதியக் கொஞ்சம் குழித்து, சுண்டுவிரல் ஊன்ற ஒரு பள்ளமும் வெட்டினேன். அவன் கை எனக்குத் தெரியாதா? கீழே பால்மா டின் மூடியில் வெட்டிய தட்டு. அதன் விளிம்பில் முப்பத்திரண்டு பள்ளம், எல்லாம் அரத்தால் ஒரே அளவில் ராவியது. தட்டுக்கு ஒரு பக்கம் சின்ன விளக்கு. மறுபக்கம் நானா கொழும்பிலிருந்து எடுப்பித்த இரண்டு ஒளிக்கண்கள். தட்டு சுற்றும்போது கண்ணுக்கு வெளிச்சம் வந்து வந்து மறையும். முதலில் எந்தக் கண்ணுக்கு வெளிச்சம் பட்டது என்பதை வைத்துக் கட்டை இடமா வலமா என்று மிசினுக்குத் தெரியும். தட்டிவிட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. ஒரு பீடி குடித்து முடிக்கும் வரை சுற்றியது. மொத்தச் செலவு பால்மா டின்னும் ஒரு மனிதனின் மூக்கும்தான்.

எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் இருக்கிறது. சுற்றுகிற எந்தச் சாமானைப் பூட்டினாலும், முதல் ஓட்டத்துக்கு முன் எங்கள் ஸ்டோர் காவல் தெய்வம் ரோதைமுனியின் மாடத்தில் இருக்கும் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து அதில் மூன்று விரலால் பட்டை போட வேண்டும். போடாவிட்டால் முனி ரத்தம் கேட்பார். நான் அதை நினைத்துப் போடவில்லை. கை தானாகப் போய்ச் சக்கரத்தின் அடிப்பக்கம் மூன்று கோடு இழுத்தது. பிறகு குமிழை மட்டும் வெளியே விட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரு டின்னுக்குள் வைத்து, மூடி, ஈயம் வைத்து அடைத்து, நானாவிடம் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த கிழமை நானா ஓடி வந்தார். "அவன் சிரிக்கிறான் வைரவன்! ஏழு வருசத்துக்குப் பொறகு அவன்ட பல்லக் கண்டன். உள்ளங்கையால உருட்டி ஒரு கல்லு மிச்சமில்லாம ஒடைக்கிறான். பஜாருல பாதிப்பேரு அவன்ட அறைக்குள்ளதான். இந்தக் கொழும்புக்காரன் கெட்டிக்காரன் என்டு சொல்றான்."

அந்தக் கொழும்புக்காரன் ரோதை அறைக்குப் பின்னால் போய், வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதான்.

மூன்று கிழமை ஓடியது. ஒரு திங்கட்கிழமை பகல், ரோதைகள் நாலும் ஓடிக்கொண்டிருந்தன. நான் கடைசி ரோதைக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். வேலையாட்களின் பேச்சு சட்டென்று நின்றது. திரும்பினேன். ஜெயராசா நின்றான். ஏழு வருடத்தில் தலை நரைத்திருந்தது. இடது கையில் அந்தச் சக்கரம்.

"கடைசிக் கல்லு" என்றான். "ஒரே ஒரு கல்லு பாக்கி. உருட்டுறேன், கட்டை அசையல. தொறந்து பாத்தா வெள்ளையா தூளு. காஞ்சு உதுந்து கண்ண அடைச்சிருக்கு. கொழும்புல வாங்குன சாமானுக்கு ரோதைமுனி துண்ணூறு எப்படிடா வந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். சக்கரம் நேராக என் வாயில் வந்து இடித்தது. இரண்டு பல் நாக்கின் மேல் விழுந்தன.

"அன்னிக்கும் பொய்! இன்னிக்கும் பொய்!" சக்கரத்தைப் பிடித்த கையாலேயே மறுபடியும் அடித்தான். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. மூன்றாவது அடி தோள்பட்டை எலும்பில். முறிந்தது தெரிந்தது. ஓடி வந்தவர்களை, "ஒருத்தனும் கிட்ட வரக்கூடாது!" என்று கத்தினேன்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. கை அதை ஓங்கிவிட்டது. அடி வாங்கிக்கொண்டு நிற்கிற சாது இல்லை நான். அவன் பின்னால் அதே பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு முழத் தூரத்தில். ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். அவனும் அதைக் கண்டான், கண்டும் விலகவில்லை. "தள்ளுடா! மிச்ச ரெண்டையும் எடுத்துக்க!" என்று மொண்டிக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

ஸ்பேனரைக் கீழே போட்டேன். கையை நீட்டிக் கம்பியை இழுத்தேன். பெல்ட் வழுக்கி, மெதுவாகி, நின்றது. ஏழு வருடம் பிந்தி.

பெல்ட் நின்ற பிறகும் அவன் நிறுத்தவில்லை. முட்டி போட்டுச் சரிந்த என்னை நெஞ்சில் உதைத்தான். மல்லாந்தவன் மேல் உட்கார்ந்து முகத்திலேயே குத்தினான். வலது கையாலும் குத்தினான், அந்த இரண்டு விரலை மடக்கி. நான் கையைத் தரையோடு அழுத்தி வைத்துக்கொண்டேன். கடைசியில் அவனுக்கு மூச்சு வாங்கியது. தன் கையில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தான்.

"செத்தவனுக்கு இம்புட்டு ரத்தம் வருமாடா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிச் சுருட்டி என் வாயில் அழுத்தினான்.

தோட்டத்து லொறியில்தான் கொண்டுபோனார்கள். ஓட்டியவனுக்குப் பக்கத்தில் கோணிப்போன மூக்கோடு ரெங்கசாமி. ஸ்பிரிங்வெளி பாதை வளைவு ஒவ்வொன்றிலும் என் தலை ஜெயராசாவின் மடியில் புரண்டது.

ஆஸ்பத்திரியில் அதே மேசை. துண்டு எழுதுகிறவர் வேறு ஆள். என் பேரை எழுதிக்கொண்டு, என்ன நடந்தது என்று கேட்டார். "அடிதடின்னா பொலிசுக்கு அறிவிக்கணும். சரியாச் சொல்லுங்க."

பொலிஸ் என்றதும் எனக்குப் பதறியது. வீங்கிய வாயால், "பெல்ட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"பெல்ட்டு இல்ல" என்றான் ஜெயராசா. "நான்தான் அடிச்சேன். எழுதுங்க."

எழுதுகிறவர் நிமிர்ந்தார். "நீங்க இவருக்கு யாரு?"

ஜெயராசா நின்றான். கூடத்து மணிக்கூட்டைப் பார்த்தான், தன் வலது கையைப் பார்த்தான். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவனைப் பார்த்தார்கள். அந்தப் பேனா காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது.

"தம்பி" என்றான். "இது எங்க அண்ணன்."

நான் தள்ளுவண்டியில் எழுந்து உட்கார்ந்தேன். தோள் எலும்பு உள்ளே குத்தியது, குத்தட்டும். "அய்யா, அதையும் எழுதுங்க. எழுபத்தொம்பதுல இவன் வெரல எடுத்தது பெல்ட்டு இல்ல. நான். நான்தான் தள்ளுனேன். இந்த மேசையிலதான் பொய் சொன்னேன்." சொல்லச் சொல்ல வாயிலிருந்து ரத்தம் அவர் காகிதத்தில் தெறித்தது. அவர் பேனாவை வைத்துவிட்டார். அதை எழுத இந்தத் துண்டில் இடமில்லை என்றார்.

"இடமில்லாட்டிப் பின்னால எழுதுங்க! நான் சொல்றத எழுதுங்க!" என்று கத்தினேன்.

ஒரு கை என் நெஞ்சில் பதிந்து என்னைப் படுக்கையில் அழுத்தியது. மூன்று விரல் இல்லாத கை.

"வாய மூடுண்ணே" என்றான் ஜெயராசா. "ரத்தம் ஒழுகுது."